தூண்டில் போடப் புதிதாக வருகிறவர்களுக்கு: ராடைக் கடைசியில் வாங்குங்கள்

"அண்ணா, மீன் பிடிக்கணும், எந்த ராடு வாங்கலாம்?" என்றுதான் எல்லோரும் ஆரம்பிக்கிறார்கள். கேள்வியே தலைகீழ். எந்தத் தண்ணீரில் நிற்கப் போகிறீர்கள், அங்கே என்ன மீன், அந்த மீன் வாய்க்கு எவ்வளவு பெரிய முள், இரையைக் கொண்டுபோய்ப் போட எத்தனை கிராம் ஈயம், அதைத் தாங்க எவ்வளவு தடிமன் நரம்பு, அந்த நரம்பைச் சுற்ற எந்த சைஸ் ரீல், இதெல்லாம் முடிவான பிறகு மிச்சமிருப்பதுதான் ராடு. கடையில் இந்த வரிசையில் கேட்டால் விற்பவருக்குக் கொஞ்சம் சலிப்பாகத்தான் இருக்கும், ஏனென்றால் கண்ணாடி அலமாரியில் பளபளவென்று நிற்பது ராடுதான், முள்ளும் ஈயமும் டப்பாவுக்குள் கிடக்கும். பரவாயில்லை, கேளுங்கள். மீன் பக்கத்திலிருந்து உங்கள் கை வரை வரிசையாக வந்தால் பாதிப் பணம் மிச்சம்.

முதலில் கைத்தூண்டில்

ராடு வாங்குவதற்கு முன்னால் சில வாரங்களாவது கைத்தூண்டில் போடுங்கள் என்பது என் பிடிவாதம். காசிமேட்டில் மீன்பிடித் துறைமுகத்தை ஒட்டி வலை, கயிறு விற்கிற கடைகளில் தங்கூஸ் என்று கேட்டால் நைலான் நரம்பு எடுத்துக் கொடுப்பார்கள். 0.40 மில்லிமீட்டர் தடிமனில் ஒரு சுருள், பத்து முள், நாலு ஈயக்குண்டு, அவ்வளவுதான். காலி தண்ணீர் பாட்டிலில் நரம்பைச் சுற்றிக்கொண்டு, பாட்டில் வாய் கடலைப் பார்த்தபடி இடது கையில் பிடித்து, வலது கையால் ஈயத்தைச் சுழற்றி விட்டால் நரம்பு தானாக உருவிக்கொண்டு போகும். தாழங்குப்பத்துப் பையன்கள் இப்படி வீசுவதைப் பார்த்தால் ராடு எதற்கு என்றே தோன்றும்.

இதில் கிடைக்கிற பெரிய பாடம், விரலில் தெரிகிற கடி. நரம்பை ஆள்காட்டி விரல் மேல் லேசாகப் போட்டு வையுங்கள். கிழங்கான் கொத்தினால் டக் டக் என்று சின்னதாகத் தட்டும். கெளுத்தி இரையை வாயில் போட்டுக்கொண்டு ஒரே பக்கமாக இழுத்துக்கொண்டு போகும். நண்டு மெதுவாக, விட்டு விட்டு, கனமாக இழுக்கும்; நீங்கள் இழுத்துப் பார்த்தால் ஒன்றும் இருக்காது, இரை மட்டும் காணாமல் போயிருக்கும். ராடு நுனி ஆடுவதைக் கண்ணால் பார்த்துப் பழகியவர்களுக்கு இந்த வித்தியாசம் பிடிபட ரொம்ப நாளாகும்.

எந்தத் தண்ணீர்

வடசென்னையில் நமக்கு வாய்த்தவை முக்கியமாக மூன்று. முதலாவது, காசிமேட்டுக்கு வடக்கே திருவொற்றியூர், எர்ணாவூர் வழியாக எண்ணூர் வரை போகும் கல் கரை. சென்னைத் துறைமுகச் சுவர் வந்த பிறகு தெற்கிலிருந்து நகர்ந்து வரும் மணல் அங்கேயே தடைபட்டு மெரினா அகலமாகிக்கொண்டே போனது, வடக்கே கடல் கரையைத் தின்றுகொண்டே வந்தது. அதைத் தடுக்கக் கொட்டிய பாறைகளும் கடலுக்குள் நீட்டிய, தூண்டில் வளைவு என்கிற கற்சுவர்களும்தான் இன்று நாம் நிற்கிற இடம். கல் இடுக்கில் நண்டும் சின்ன மீனும் ஒண்டும், அவற்றைத் தின்னப் பெரியது வரும், அதனால் தூரமாக வீச வேண்டிய அவசியமே பல நாள் இருக்காது. கூடவே, உங்கள் ஈயத்தில் பாதி அந்தக் கல் இடுக்கிலேயே போகும். அதற்கு ஒரு வழி இருக்கிறது, கீழே சொல்கிறேன்.

இரண்டாவது எண்ணூர் முகத்துவாரம், கொசஸ்தலை ஆறு கடலில் சேர்கிற இடம். இங்கே எல்லாமே நீரோட்டம்தான். கடல் நீர் உள்ளே ஏறி, அப்புறம் வற்ற ஆரம்பிக்கும்போது ஆற்றிலிருக்கிற இறாலும் பொடி மீனும் வாய் வழியாக வெளியே அடித்துக்கொண்டு வரும், கொடுவாயும் பாறை மீனும் அதற்காகக் காத்துக்கொண்டு நிற்கும். அந்த ஒன்றிரண்டு மணி நேரம்தான் உங்கள் நேரம். சென்னைக் கடலில் ஏற்ற இறக்கமே அமாவாசை, பௌர்ணமியை ஒட்டித்தான் கிட்டத்தட்ட ஒரு மீட்டர் வரும், அஷ்டமி நவமி பக்கம் தண்ணீர் அசைவதே சோம்பலாக இருக்கும். தினசரி காலண்டரில் ராகுகாலம் பார்க்கிறீர்களோ இல்லையோ, திதியைப் பாருங்கள்.

மூன்றாவது பழவேற்காடு. கொஞ்சம் தூரம், ஆனால் ஏரித் தண்ணீர் அமைதியானது, புதியவர் வீசிப் பழக நல்லது. அங்கே மீனவ ஊர்களுக்குள் யார் எந்த இடத்தில் எந்த நாளில் வலை போடுவது என்று 'பாடு' முறை உண்டு, காலங்காலமாக இருப்பது. நாம் போய் அவர்கள் வலைக் கம்புக்குக் குறுக்கே முள்ளை வீசினால் திட்டு விழும், விழத்தான் வேண்டும். எங்கே போனாலும் "அண்ணே, இங்க போடலாமா?" என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டு நில்லுங்கள். காய வைத்த வலை மேல் கால் வைக்காதீர்கள், எட்டி நடங்கள்.

காமராஜர் துறைமுகம், காட்டுப்பள்ளி, சென்னைத் துறைமுகச் சுவர் எல்லாம் பாதுகாப்புப் பகுதி, அந்தப் பக்கமே வேண்டாம். புழல் ஏரி குடிநீர் ஏரி, அங்கே அனுமதியில்லாமல் தூண்டில் போடக் கூடாது.

மீனும் முள்ளும்

முள் எண் முதலில் குழப்பும். 10, 8, 6, 4, 2, 1 என்று எண் குறையக் குறைய முள் பெரிதாகும். 1 தாண்டியதும் 1/0, 2/0, 3/0 என்று எண் கூடக் கூடப் பெரிதாகும். புதியவர்கள் எப்போதும் பெரிய முள்ளைத்தான் எடுப்பார்கள், பெரிய மீன் வேண்டுமே. ஆனால் நம் கரையில் அதிகம் கிடைக்கிற கிழங்கானின் வாய் சுண்டு விரல் நுனி அளவுகூட இருக்காது. 8 அல்லது 6 போதும். கெளுத்திக்கும் பன்னாவுக்கும் 2 முதல் 1/0. கொடுவாய்க்கு 3/0 அல்லது 4/0, அதுவும் உயிர் இறால் குத்தினால்.

கொடுவாயைப் பற்றி ஒன்று. அதன் செவுள் மூடியின் ஓரம் பிளேடு, மெல்லிய நரம்பை ஒரே ஆட்டில் அறுத்துவிட்டுப் போகும். அதனால் முள்ளுக்கு மேலே ஒரு மீட்டர் நீளம் தடிமனான லீடர் (முள்ளுக்கும் முக்கிய நரம்புக்கும் நடுவே வரும் தனி நரம்புத் துண்டு) கட்டாமல் கொடுவாய்க்குத் தூண்டில் போடாதீர்கள். அப்புறம் இந்த மீன் ஆணாகப் பிறந்து வளர்ந்த பிறகு பெண்ணாக மாறும், அதனால் ரொம்பப் பெரிதாக மாட்டுவது பெரும்பாலும் முட்டை போடுகிற தாய். போட்டோ எடுத்துவிட்டுத் தண்ணீரில் விடுங்கள் என்றுதான் நான் சொல்வேன், வீட்டில் திட்டினாலும்.

மடவை துள்ளுவதைப் பார்த்து ஆசைப்பட வேண்டாம். கண்ணெதிரே கூட்டம் கூட்டமாகப் போகும், இறாலைத் திரும்பிக்கூடப் பார்க்காது. அது சேற்றையும் பாசியையும் மேய்கிற மீன். வேண்டுமானால் சின்ன தக்கை கட்டி, 10 எண் முள்ளில் பிசைந்த மைதாவோ பிரெட்டோ வைத்து மேல் தண்ணீரில் விட்டுப் பாருங்கள், பொறுமை இருந்தால்.

வட்ட முள் (நுனி உள்பக்கமாக வளைந்தது, சர்க்கிள் ஹூக் என்பார்கள்) கிடைத்தால் கெளுத்திக்கு அதையே போடுங்கள். இதில் கடித்ததும் வெடுக்கென்று இழுக்கக் கூடாது, நரம்பு இறுகியதும் மெதுவாகச் சுற்றிக்கொண்டே வந்தால் வாயோரத்தில் தானாக மாட்டும். மீன் முள்ளை விழுங்காது, கழற்றவும் சுலபம்.

ஈயமும் கட்டும் முறையும்

முகத்துவாரத்தில் ஓட்டத்துக்கு ஏற்ப 20 முதல் 40 கிராம், திறந்த கடல் கரையில் 50 முதல் 80 கிராம் வரை தேவைப்படும். இரை தரையில் நிற்கிற அளவுக்குக் குறைந்தபட்ச எடை, அதுதான் கணக்கு.

மணல் தரையில் எளிய கட்டு இது. முக்கிய நரம்பில் ஓட்டை ஈயத்தைக் கோத்து விடுங்கள், அது சும்மா ஓடட்டும். நுனியில் ஒரு ஸ்விவல் (நரம்பு முறுக்காமல் சுழன்று கொடுக்கிற சின்ன உலோக இணைப்பு) கட்டுங்கள், ஈயம் அதைத் தாண்டாது. ஸ்விவலின் மறுபக்கம் ஒன்றரை அடி லீடர், அதன் முனையில் முள். மீன் இரையை இழுக்கும்போது நரம்பு ஈயத்துக்குள் வழுக்கிப் போகும், எடை அதற்குத் தெரியாது.

கல் கரையில் இதே கட்டைப் போட்டால் மாலைக்குள் ஈய டப்பா காலி. அங்கே ஈயத்தை நரம்பில் கோக்காதீர்கள். முக்கிய நரம்பு மூன்று கண் ஸ்விவலுக்கு வரட்டும். ஒரு கண்ணில் முள், இன்னொரு கண்ணில் உங்கள் முக்கிய நரம்பைவிட நன்றாக மெல்லிசான ஒரு முழ நரம்பில் ஈயம். ஈயம் இடுக்கில் மாட்டினால் அந்த மெல்லிசு மட்டும் அறுந்துபோகும், முள்ளும் மீனும் கைக்கு வரும். போகிற ஈயம்தானே என்று மெக்கானிக் கடையில் தூக்கிப் போடுகிற பழைய ஸ்பார்க் பிளக்கைக் கட்டுகிறவர்களும் உண்டு, நன்றாகவே வேலை செய்யும்.

நரம்பு

இரண்டு வகை. ஒற்றை இழை நைலான், மோனோ என்பார்கள். பின்னிய நரம்பு, பிரெய்டு. மோனோ விலை குறைவு, இழுவைக்குக் கொஞ்சம் நீண்டு கொடுக்கும், கல்லில் உரசினாலும் சட்டென்று போகாது, முடிச்சு சுலபம். பிரெய்டு அதே பலத்துக்குக் கிட்டத்தட்ட பாதி தடிமன்தான், அதனால் தூரம் போகும், சின்னக் கடியும் கைக்குத் தெரியும். ஆனால் பாறை விளிம்பில் பட்டால் பட்டென்று அறும், காற்றடித்தால் சிக்கல் விழும், வெறும் விரலில் இழுத்தால் சதையை அறுக்கும்.

முதல் வருடம் கல் கரையில் நிற்கப் போகிறவருக்கு என் சிபாரிசு 0.35 மோனோ, அவ்வளவுதான். முகத்துவாரத்தில் செயற்கை இரை வீசப் போகிறீர்கள் என்றால் மட்டும் 20 பவுண்டு பிரெய்டு, கூடவே 0.50 தடிமனில் ஒரு மீட்டர் லீடர். பிரெய்டை ஸ்பூலில் (ரீலில் நரம்பு சுற்றியிருக்கும் கட்டை) நேரடியாகச் சுற்றினால் மொத்தமும் ஒரு கட்டாக வழுக்கிச் சுழலும், அடியில் பத்து மீட்டர் மோனோ சுற்றிவிட்டு அதன் மேல் பிரெய்டைக் கட்டுங்கள். எதைச் சுற்றினாலும் ஸ்பூல் விளிம்புக்கு இரண்டு மில்லிமீட்டர் கீழே நிறுத்திக்கொள்ளுங்கள். அதற்கு மேல் நிரப்பினால் கொத்தாக உருவிக்கொண்டு வரும், ரொம்பக் குறைவாக இருந்தால் தூரம் போகாது.

முடிச்சு

ஒரே ஒரு முடிச்சை ஒழுங்காகக் கற்றுக்கொண்டால் போதும். மோனோவுக்கு: நரம்பை முள் கண்ணில் விட்டு, நுனியை முக்கிய நரம்பின் மேல் ஐந்தாறு சுற்று சுற்றுங்கள். கண்ணுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன வளையம் இருக்கும், அதில் நுனியை விடுங்கள். இப்போது பெரிதாக இன்னொரு வளையம் உண்டாகியிருக்கும், நுனியை அதிலும் விடுங்கள். எச்சில் தொட்டு நனைத்துவிட்டு மெதுவாக இறுக்குங்கள். நனைக்காமல் இறுக்கினால் உரசல் சூட்டில் நரம்பு பலம் குறையும். மீன் போன பிறகு நரம்பு நுனி சுருண்டு வந்தால் அது பெரும்பாலும் அவிழ்ந்த முடிச்சு, நேராக வெட்டின மாதிரி வந்தால் பல்லோ கல்லோ.

பிரெய்டுக்கு இந்த முடிச்சு வழுக்கும். நரம்பை இரட்டையாக மடித்துக் கண்ணில் விட்டு, ஒரு சாதாரண முடிச்சை இறுக்காமல் போட்டு, அந்த வளையத்துக்குள் முள்ளையே நுழைத்து எடுத்து, நனைத்து இறுக்குங்கள். பாலோமர் என்பார்கள். டிவி பார்த்துக்கொண்டே கட்டிப் பழகுங்கள், இருட்டில் கட்ட வேண்டி வரும்.

ரீல்

பணத்தை எங்கே போடுவது என்றால் இங்கே. ஸ்பின்னிங் ரீல் வாங்குங்கள், பெய்ட்காஸ்டிங் ரீல் இப்போது வேண்டாம், அதில் கட்டை விரல் பழகும்வரை நரம்பு பறவைக் கூடாகத்தான் வரும். முகத்துவாரத்துக்கு 2500 அல்லது 3000 சைஸ், கல் கரைக்கு 4000. இந்த இரண்டில் ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் 4000.

பெட்டியில் 12+1 பேரிங், 13+1 பேரிங் என்று பெரிய எழுத்தில் போட்டிருப்பதைக் கண்டுகொள்ளாதீர்கள். விலை குறைந்த ரீலில் உப்புக் காற்றில் துருப்பிடிக்கிற பதின்மூன்று பேரிங்கைவிட ஒழுங்கான நாலு மேல். கடையிலேயே இதைப் பாருங்கள்: கைப்பிடியை லேசாகப் பின்னுக்கு அசைத்தால் ஆட்டம் இல்லாமல் நிற்கிறதா, வளைகம்பி (ஸ்பூலைச் சுற்றி வந்து நரம்பைப் பிடித்துச் சுற்றுகிற கம்பி) மூடும்போது டப்பென்று தயங்காமல் விழுகிறதா, நரம்பு ஓடுகிற சின்ன உருளை விரலால் தள்ளினால் சுழல்கிறதா. அந்த உருளை சுழலவில்லை என்றால் பிரெய்டு அதில் பள்ளம் போட்டு, அந்தப் பள்ளமே நரம்பை அறுக்கும். ஸ்பூல் அலுமினியமாக இருப்பது நல்லது.

ஷிமானோ, டைவா இரண்டிலும் கீழ்நிலை ரீல்கள் வருடக்கணக்கில் உழைக்கும், உதிரி பாகமும் ஓரளவு கிடைக்கும். டெகாத்லானின் கேப்பர்லான் வாங்கினாலும் குறையில்லை, கையில் எடுத்துச் சுற்றிப் பார்த்து வாங்கலாம் என்பதே பெரிய வசதி. ராடும் ரீலும் சேர்த்து ஒரே பெட்டியில் வரும் செட்டில், ரீல் எது என்று பார்க்காமல் வாங்காதீர்கள், பெரும்பாலும் அதில் ராடுக்குத்தான் காசு, ரீல் கொசுறு.

டிராக் என்பது மீன் இழுக்கும்போது நரம்பை விட்டுக்கொடுக்கிற பிரேக். நரம்பின் பலத்தில் கால் பங்கில் அது வழுக்க வேண்டும். தராசு தேவையில்லை: உங்கள் நரம்பு 8 கிலோ தாங்கும் என்றால் இரண்டு லிட்டர் பாட்டிலில் முழுக்கத் தண்ணீர் நிரப்பி நரம்பில் கட்டி, ரீலை மட்டும் கையில் பிடித்துத் தூக்குங்கள். பாட்டில் மெதுவாக இறங்கினால் சரி. இறங்கவே இல்லையென்றால் குமிழைக் கொஞ்சம் தளர்த்துங்கள். டிராக் வழுக்கிக்கொண்டிருக்கும்போது பதற்றத்தில் கைப்பிடியைச் சுற்றிக்கொண்டே இருப்பார்கள் பலர், நரம்பு முறுக்கிக்கொள்வதைத் தவிர அதில் ஒன்றும் நடக்காது.

இப்போது ராடு

இவ்வளவு முடிவானதும் ராடு தானே தெரிந்துவிடும். ராடின் அடியில் 10–30 கிராம், 40–80 கிராம் என்று அச்சிட்டிருக்கும், அது வீசக்கூடிய எடை. உங்கள் ஈயமும் இரையும் சேர்ந்து அந்த வரம்பின் நடுவில் வர வேண்டும். முகத்துவாரத்துக்கு 7 அடி, மீடியம் (நடுத்தர வலு), 10–50 கிராம். கல் கரைக்கு 9 அடி, 40–100 கிராம். கரையில் 12 அடி ராடு பார்க்க கம்பீரம்தான், ஆனால் தூரம் நீளத்தால் வருவதைவிட வீச்சால் வருவது. எர்ணாவூர் பக்கம் அப்படி ஒரு நீள ராடோடு நின்ற பையனைப் பார்த்து ஒரு பெரியவர் கேட்டார், "இன்னா தம்பி, காத்தாடி வுட வந்தியா?"

கார்பன் ராடு எடை குறைவு, கடி நன்றாகத் தெரியும், ஆனால் கல்லில் ஒரு தட்டு பட்டால் கண்ணுக்குத் தெரியாத கீறல் விழுந்து பெரிய மீன் மாட்டும் நாளில் முறியும். கண்ணாடி இழை கனம், அடி தாங்கும். நம் கல் கரைக்கு இரண்டும் கலந்தது அல்லது கண்ணாடி இழையே போதும். டெலிஸ்கோப் ராடு கும்மிடிப்பூண்டி ரயிலில் பையில் போட்டுக்கொண்டு போக வசதி, ஆனால் மணலும் உப்பும் இணைப்பில் புகுந்து இறுகிவிடும், நுனி சீக்கிரம் போகும். இரண்டு துண்டாகப் பிரியும் 9 அடி ராடு நாலரை அடிதான், கூட்டமில்லாத அதிகாலை வண்டியில் அதையும் கொண்டுபோகலாம். நான் அதைத்தான் வாங்கச் சொல்வேன். வாங்குமுன் நரம்பு ஓடும் வளையங்கள் ஒவ்வொன்றிலும் காது குடையும் பஞ்சுக் குச்சியை விட்டுச் சுற்றுங்கள், பஞ்சு இழை மாட்டினால் வளையத்தில் கீறல், வேறு ராடு கேளுங்கள்.

இதில் ஒரு விஷயத்தைச் சும்மா கடந்துபோகாதீர்கள். எண்ணூர், அத்திப்பட்டு பக்கம் அனல் மின் நிலையங்களிலிருந்து உயரழுத்தக் கம்பிகள் ஆற்றின் மேலும் கரை மேலும் போகின்றன. கார்பன் மின்சாரத்தைக் கடத்தும், நனைந்த நரம்பும் கடத்தும். கம்பிக்குக் கீழே வீசாதீர்கள், ராடை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு நடக்காதீர்கள். இடி கேட்டால் ராடைப் படுக்க வைத்துவிட்டுக் கிளம்புங்கள்.

இரை

காசிமேட்டில் அதிகாலையில் சின்ன இறால் கால் கிலோ வாங்கிக்கொள்ளுங்கள், ஞாயிறு என்றால் கூட்டம் நெரியும், சனிக்கிழமையே வாங்கி ஐஸில் வைப்பது மேல். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடை. கரையில் தூண்டில் போடுகிற நம்மை அது கட்டுப்படுத்தாது, ஆனால் இறால் விலை ஏறியிருக்கும். இறாலை இப்படிக் குத்துங்கள்: தலையைக் கிள்ளி எடுத்துவிட்டு, வால் பக்கத்திலிருந்து முள்ளை நுழைத்து, உடல் வளைவுக்கு ஏற்பவே தள்ளி, நுனி மட்டும் வயிற்றுப் பக்கம் வெளியே தெரிகிற மாதிரி. ஓட்டோடு இருக்கட்டும், உரித்தால் வீசும்போதே கழன்று போகும். கிழங்கானுக்கு மட்டும் உரித்து, பட்டாணி அளவுத் துண்டு. சாளைத் துண்டு கெளுத்திக்குப் பிடிக்கும். மணல் கரையில் அலை வற்றும் இடத்தில் தோண்டினால் புழு கிடைக்கும், அதைவிட நல்ல இரை இல்லை.

செயற்கை இரைகளைப் பற்றி இப்போதைக்கு ரொம்ப யோசிக்காதீர்கள். 10 கிராம் ஜிக்ஹெட்டில் (ஈயத் தலையோடு வரும் முள்) கை நீள ரப்பர் மீன் வேண்டாம், மூன்று அங்குலம் போதும், வெள்ளை நிறத்தில் ஒன்று, கலங்கல் தண்ணீருக்கு அடர்ந்த நிறத்தில் ஒன்று. டப்பா நிறைய வாங்குவது மீனுக்காக இல்லை, நமக்காக.

வீசுவது, மீனை ஏற்றுவது

முதலில் பின்னால் பாருங்கள். ஞாயிற்றுக்கிழமை கரையில் பின்னால் யாராவது இருப்பார்கள், அதில் குழந்தை இருக்கும். ஈயம் ராடு நுனியிலிருந்து இரண்டடி தொங்கட்டும். நரம்பை ஆள்காட்டி விரலில் பிடித்து, வளைகம்பியைத் திறந்து, ராடைத் தோளுக்குப் பின்னால் கொண்டுபோய், ஒரே சீராக முன்னால் கொண்டுவந்து, ராடு தலைக்கு மேலே வந்து சற்று முன்சாயும்போது விரலை விடுங்கள். காலடியிலேயே விழுந்தால் தாமதமாக விட்டிருக்கிறீர்கள், வானத்துக்குப் போனால் சீக்கிரம். ஈயம் தண்ணீரில் விழுந்ததும் வளைகம்பியைக் கையாலேயே மூடுங்கள், கைப்பிடியைச் சுற்றி மூடினால் தளர்ந்த நரம்பு ஸ்பூலில் சிக்கிக்கொள்ளும்.

மீன் மாட்டியதும் ராடை மெதுவாக உயர்த்துங்கள், பிறகு தாழ்த்திக்கொண்டே நரம்பைச் சுற்றுங்கள், மறுபடி உயர்த்துங்கள். கல்லோரம் வந்ததும் நரம்பைப் பிடித்துத் தொங்கவிட்டுத் தூக்கும்போதுதான் முக்கால்வாசி மீன் தப்பிப் போகும். ஒரு அலை ஏறும்போது அதோடு சேர்த்து மேலே வழுக்கி ஏற்றுங்கள், இல்லையென்றால் நீளக் கைப்பிடி வலை கொண்டுபோங்கள். மீனுக்காகப் பாசி பிடித்த கீழ்க் கல்லில் மட்டும் இறங்காதீர்கள். பச்சையாக, கறுப்பாகத் தெரிகிற கல் எல்லாமே வழுக்கும், அடுத்த அலை எப்போது வரும் என்று தெரியாது. தனியாகப் போக வேண்டாம். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வாடைக்காற்றுக் காலத்தில் புயல் எச்சரிக்கை இருந்தால் கரைக்கே போகாதீர்கள்.

கெளுத்தி மாட்டினால் வெறும் கையால் தொடக் கூடாது. முதுகில் ஒன்று, பக்கத்துக்கு ஒன்று, மூன்று முள்ளிலும் விஷம். பழைய துண்டைப் போட்டு அமுக்கி, கொறடால் தூண்டில் முள்ளைக் கழற்றுங்கள். ஓரா மீனின் துடுப்பு முள்ளும் திருக்கையின் வால் முள்ளும் அப்படித்தான். குத்திவிட்டால், தோல் தாங்குகிற அளவு சூடான தண்ணீரில் அந்த இடத்தை அரை மணி நேரத்துக்கு மேல் வைத்தால் வலி குறையும், ஆனால் திருக்கை குத்தினாலோ, முள் உள்ளே ஒடிந்திருந்தாலோ நேராக மருத்துவமனை. உடம்பை ஊதிக்கொண்டு வருகிற பேத்தையை என்ன சமைத்தாலும் விஷம் போகாது. திரும்ப விட்டுவிடுங்கள், பக்கத்தில் யாராவது கேட்டாலும் கொடுக்காதீர்கள்.

பிடித்ததைச் சாப்பிடலாமா? கடல் கரையில் பிடித்த கிழங்கான், பாறை எல்லாம் நான் எடுத்துக்கொண்டு போவேன். எண்ணூர் ஆற்றுக்குள், பக்கிங்காம் கால்வாயில் பிடித்ததைச் சாப்பிட மாட்டேன். அனல் மின் நிலையச் சாம்பல், ஆலைக் கழிவு, 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு ஆற்றில் பரவிய எண்ணெய் என்று அந்தத் தண்ணீர் பட்டது கொஞ்சமில்லை, அங்கே வண்டலில் கன உலோகங்கள் இருப்பதை ஆய்வுகளும் சொல்லியிருக்கின்றன. அதே ஆற்றில் இறங்கிக் கையால் இறால் தடவிப் பிடித்துப் பிழைக்கிறவர்கள் இருக்கிறார்கள், அவர்களுக்கு இந்தத் தேர்வு கிடையாது. நமக்கு இருக்கிறது, விட்டுவிட்டு வரலாம்.

வீட்டுக்கு வந்ததும்

களைப்பாக இருந்தாலும் அன்றைக்கே செய்ய வேண்டிய வேலை இது. ரீலின் டிராக் குமிழை இறுக்கிவிட்டு, பூவாளித் தண்ணீர் அளவுக்கு மெதுவாக நல்ல தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். குழாயை அழுத்தி அடித்தால் உப்பு இன்னும் உள்ளேதான் போகும், பக்கெட்டில் முக்கவும் கூடாது. துடைத்து, டிராக்கை முழுக்கத் தளர்த்தி, நிழலில் காய வையுங்கள், இறுக்கமாகவே விட்டால் உள்ளே இருக்கிற வட்டுகள் அமுங்கிப்போகும். நரம்பு உருளையிலும் கைப்பிடி மூட்டிலும் ஒரு சொட்டு ரீல் எண்ணெய். ராடைப் பிரித்து இணைப்பைத் துடையுங்கள். நரம்பின் முதல் இரண்டு மீட்டரை விரலில் ஓட்டிப் பாருங்கள், சொரசொரவென்று இருந்தால் வெட்டிப் போடுங்கள். வெட்டின நரம்பைக் கரையிலோ தெருவிலோ விடாமல் கொண்டுவந்து துண்டு துண்டாக நறுக்கிக் குப்பையில் போடுங்கள், முழுசாக விட்டால் காக்கா காலில் சுற்றும், படகு இன்ஜின் காற்றாடியிலும் சுற்றும். நனைந்த முள்ளைப் புது முட்களோடு ஒரே டப்பாவில் போட்டால் ஒரு வாரத்தில் எல்லாமே துருதான், தனி டப்பா வையுங்கள். துருப்பிடித்ததைப் பழைய பாட்டிலில் போட்டு மூடித்தான் குப்பையில் போட வேண்டும், அள்ளுகிறவர் கையைக் கிழிக்கும்.